நானூற்றுப் பத்து கிலோ எங்கே?

அத்தியாயம் 4

மேசை மேல் இரண்டு எடைச் சீட்டுகள் கிடந்தன. காலையிலிருந்து பிரவீணா அவற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரம் பார்த்தாலும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை.

முதல் சீட்டு திருச்சுழி எடைமேடையில் வாங்கியது. ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது பத்து. லாரியின் எடையைக் கழித்துக் கரி மட்டும் 9,840 கிலோ. இரண்டாவது, அருப்புக்கோட்டையில் கரி வாங்கும் ஏற்றுமதி வியாபாரியின் சொந்த எடைமேடையில் போட்டது. அதே நாள் மதியம் ஒன்று ஐம்பது. 9,430 கிலோ. அதே லாரி, அதே லோடு, நடுவில் சுமார் இருபது கிலோமீட்டர் ரோடு, வழியில் டயர் பஞ்சராகி நின்றதில் கூடுதலாக நாலு மணி நேரம். நானூற்றுப் பத்து கிலோவைக் காணோம்.

அந்த லாரியை ஓட்டி வந்த ஜான்ராஜும் இப்போது இல்லை. இரண்டாவது எடை போட்ட ஒரு மணி நேரத்தில், பாளையம்பட்டிக்கு வெளியே, லோடை இறக்காமல் ரோட்டோரம் நிறுத்தியிருந்த லாரியின் மேலேயே தீயில் வெந்து இறந்துபோனார். இருபத்து நான்கு நாள் ஆகிறது.

போலீஸ் கணக்கு சுலபமானது. வழியில் பத்து மூடைக் கரியை விற்றுவிட்டான். பிறகு லோடு மேல் ஏறி உட்கார்ந்து பீடி பற்றவைத்தான். நெருப்பு விழுந்தது. செத்தவன் மேல்தான் தப்பு, வழக்கை முடித்துவிடலாம். அந்த இறுதி அறிக்கை வெள்ளிக்கிழமை அருப்புக்கோட்டை கோர்ட்டுக்குப் போகிறது. இன்று புதன்.

"மேடம், நான் கண்டுபிடிச்சிட்டேன்" என்றார் சோணைமுத்து. பிரவீணாவின் உதவியாளர். ஐம்பத்திரண்டு வயது. இருபத்திரண்டு வருஷம் மினிபஸ் கண்டக்டராக இருந்தவர். "டீசலு. ஓடுனா டீசல் கொறையும்ல?"

"இருபது கிலோமீட்டருக்கு நானூறு கிலோ டீசல் குடிச்சா அது லாரி இல்லண்ணே, கப்பல்."

"அப்ப மொத எடைக்கு டிரைவரு உள்ள உக்காந்திருந்தாரு, ரெண்டாவதுக்கு எறங்கிட்டாரு."

"அவரு எடை அறுபத்தெட்டு கிலோ."

"எடைமேடையே பொய் சொல்லுதோ?"

"நேத்து ஒரே வண்டியை ரெண்டுலயும் ஏத்திப் பாத்தேன். பத்து கிலோதான் வித்தியாசம்."

சோணைமுத்து நாற்காலியில் சாய்ந்தார். "பஸ்ஸுல ஒரு டிக்கெட் கொறஞ்சா நான் பின்சீட்டுக்குப் போயி ஒரு மொற மொறச்சாப் போதும். ஏறுனவன் எந்திரிச்சிருவான். கரி எந்திரிக்காதே."

மூடை குறைந்திருந்தால் இவ்வளவு குழப்பம் இல்லை. பிரவீணா மறுபடியும் கைப்பேசியில் அந்தக் குரல் பதிவைப் போட்டாள். சாவதற்குச் சில நிமிஷம் முன்னால் ஜான்ராஜ் தன் மனைவி எலிசபெத்துக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியது. காற்று இரைச்சலுக்கு நடுவே மூச்சு வாங்கும் குரல்.

"...இருநூத்தி நாப்பத்தஞ்சு, இருநூத்தி நாப்பத்தாறு. எலிசு, சரியா இருக்கு. ஏத்துனதும் இருநூத்தி நாப்பத்தாறுதான். எடை கொறையுது, மூடையை எண்ணிக் காமிச்சாத்தான் லோடை எடுப்பேன்னுட்டாக. கள்ளப் பயங்குற மாதிரி பேசிட்டாக. யாரும் கேட்டா இதப் போட்டுக் காமி. தார்ப்பாயை அவுத்து இப்பத்தான் அஞ்சு நிமிசம் ஆச்சு, அதுக்குள்ள வெயிலுக்குச் சாக்கு காலப் பொசுக்குது. எறங்குறேன்."

அவர் இறங்கவில்லை.

எலிசபெத் இதைப் போலீசிடம் போட்டுக் காட்டியிருக்கிறாள். "களவாண்டவன் தன் வாயாலயா பத்துக் கொறையுதுன்னு சொல்லுவான்?" என்று சிரித்துவிட்டார்களாம். அதன் பிறகுதான் தனியாக விசாரிக்கச் சொல்லிப் பிரவீணாவிடம் வந்தாள். அவளுடைய மகள் ஆன்சி மதுரையில் நர்சிங் படிக்கிறாள். விடுதியிலிருந்து வீட்டுக்கு வருவதையே நிறுத்திவிட்டாள். பஸ்ஸில் யாரோ 'கரி களவாண்டவன் மக' என்று காதுபடச் சொன்னார்களாம்.

"மூடை குறையல, எடை குறையுது" என்றாள் பிரவீணா. "அப்ப ஒவ்வொரு மூடையிலயும் கொஞ்சம் குறைஞ்சிருக்கணும்."

"இருநூத்தி நாப்பத்தாறு மூடையையும் அவுத்து, மூடைக்கு ஒன்றரைக் கிலோ எடுத்துட்டு, திரும்பத் தச்சுப்போட்டாரா? அதுவும் டயரு பஞ்சராகி நடு ரோட்டுல நின்னுக்கிட்டு? கள்ளன் இல்ல மேடம், அவரு கலைஞரு..." சொல்லி முடிக்கும் முன்பே சோணைமுத்துக்கு முகம் மாறியது. கைப்பேசியைப் பார்த்தார். "தப்பு. செத்த மனுசன்."

பிரவீணாவின் காதில் வேறொன்று நின்றுவிட்டது. தார்ப்பாய்க்கு அடியிலேயே இருந்த சாக்கு. ஐந்து நிமிஷ வெயில். அதற்குள் காலைப் பொசுக்குமா?

"வண்டிய எடுங்கண்ணே. கரி போட்ட எடத்துக்குப் போவோம்."

*

திருச்சுழி ரோட்டில் இரு பக்கமும் சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்தது. மழை பொய்த்த நிலத்துக்கு அந்த மரம்தான் வெள்ளாமை. வெட்டி, அடுக்கி, வைக்கோலும் மண்ணும் போட்டு மூடி, உள்ளே காற்றுப் போகாமல் பத்துப் பன்னிரண்டு நாள் புகையவிட்டால் கரி. அதைத்தான் மூட்டம் என்கிறார்கள்.

பைக்கை ஓட்டிக்கொண்டே சோணைமுத்து கேட்டார். "எனக்கு ஒண்ணு வெளங்கல மேடம். ஒரு ஆளு செத்திருக்கான். யாரு மேல தப்புன்னு சட்டத்துல எழுதிருக்கும்ல? டெல்லியில அந்தப் பெரிய புக்கைத் தொறந்து பாத்தா முடிஞ்சு போச்சு."

இந்த மாதிரிக் கேள்வி வந்தால் பிரவீணாவுக்குத் துக்கம்கூடக் கொஞ்சம் விலகி நிற்கும். "ஒரே புக்குன்னு எவன் சொன்னான்? உங்க மினிபஸ்ஸையே எடுத்துக்கோங்க. மோட்டார் வாகனச் சட்டம் எங்க போட்டது?"

"டெல்லி."

"வண்டிக்கு எத்தனை சீட்டு, டிக்கெட்டு எவ்வளவு, இதெல்லாம்?"

"சென்னை."

"பெர்மிட்டு?"

"விருதுநகர் ஆர்டிஓ ஆபீசு. ஒரு கையெழுத்துக்கு எட்டு நட நடந்தேன்."

"டெல்லி எதுல சட்டம் போடலாம், சென்னை எதுல போடலாம், ரெண்டும் சேந்து எதுல போடலாம், இதை யாரு பிரிச்சுக் குடுத்தது? அரசியலமைப்பு. அதுதான் எல்லாத்துக்கும் மேல. அதுக்குக் கீழ சட்டம். சட்டத்துக்குக் கீழ விதி. கீழ இருக்கறது மேல இருக்கறதை மீறுனா செல்லாது. சரி, சட்டத்துல ஒரு வரிக்கு ரெண்டு பேரு ரெண்டு அர்த்தம் சொன்னா?"

"கோர்ட்டு."

"மதுரையில ஹைகோர்ட்டு கிளை ஒரு அர்த்தம் சொல்லிட்டா, அருப்புக்கோட்டை கோர்ட்டு அதைத்தான் பின்பத்தணும். சுப்ரீம் கோர்ட்டு சொல்லிட்டா நாட்டுல இருக்குற எல்லாக் கோர்ட்டும். அதனால தீர்ப்பும் ஒரு சட்டந்தான். இப்பச் சொல்லுங்க. உங்க ரூட்டுல ஊருணிக்கரை வேப்பமரத்துல பஸ் நிக்குமே, அது எந்த உத்தரவுல இருக்கு?"

"எதுலயும் இல்ல. ஆனா நிக்காமப் போய்ப் பாருங்க. மறுநாள் கண்ணாடி இருக்காது."

"அதுக்குப் பேரு வழக்கம். அஞ்சாவது. எழுதாதது. ஆனா தொழில் சட்டத்துல அதுக்குன்னு ஒரு வாசலைத் திறந்து வச்சிருக்காங்க. சரக்கு விற்பனைச் சட்டம்னு ஒண்ணு, 1930ல போட்டது, இன்னைக்கும் நடப்புல இருக்கு. அதுல கரியைப் பத்தி ஒரு வார்த்தை கிடையாது. ஆனா, சரக்கு எப்படி இருக்கணும்னு அந்தத் தொழில்ல ஒரு வழக்கம் இருந்தா, காகிதத்துல எழுதாட்டியும் அது பேச்சுக்குள்ள சேந்ததாவே எடுத்துக்கலாம்னு ஒரு பிரிவு இருக்கு."

"செத்ததுக்கும் சரக்குக்கும் என்ன?"

"கவனக்குறைவுன்னு போலீசு எழுதுதுல்ல. எதை வச்சு அளக்குறது? அந்தத் தொழில்ல எல்லாரும் எடுக்குற கவனத்தை எடுக்காதவன் எவனோ, அவன்தான் கவனம் குறைஞ்சவன். கரிக்காரங்க என்ன கவனம் எடுக்குறாங்கன்னு தெரியணும்."

"அதை எவன் வாயில புடுங்குறது?"

"அதான் தெரியல."

*

புடுங்க வேண்டிய அவசியமே வரவில்லை. கரி வியாபாரி ஐயாத்துரை கொட்டகை நிழலில் கட்டில் போட்டு உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை, விரல் நிறைய மோதிரம். ஜான்ராஜ் ஏற்றிய கரி இவர் விற்றதுதான்.

பிரவீணா எதையும் மறைக்கவில்லை. "ஜான்ராஜ் வீட்டுக்காரம்மா சொல்லி விசாரிக்க வந்திருக்கோம்."

"விசாரிங்க, விசாரிங்க. பாவம், நல்ல பய. பீடி அவனக் குடிச்சிருச்சு." மரப்பெட்டியைத் திறந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். "இந்தா பாருங்க அக்ரிமென்ட்டு. லோடு ஏத்துனதுக்குப் பொறவு எனக்குப் பொறுப்பு இல்ல. ஏத்துமதிக்காரகளே கையெழுத்துப் போட்டிருக்காக."

"கரி உள்ளயே கனிஞ்சிருந்தா? தானாப் பத்திக்காதா?"

ஐயாத்துரைக்குச் சுருக்கென்றது. "என்ன தாயி பேசுறீக? கரின்னா என்னன்னு தெரியுமா? மூட்டம் பிரிச்சு, பரப்பி, மூணு வெயில் காட்டணும். மூணு முழு நாளு. உள்ள ஒரு கங்கு ஒளிஞ்சிருந்தாலும் அந்த மூணு நாளுல புகைஞ்சு காட்டிக் குடுத்துரும். மூணு வெயில் காணாத கரியைத் தமிழ்நாட்டுல எவனும் லாரியில ஏத்த மாட்டான்."

பிரவீணா மெல்ல நிமிர்ந்தாள். சோணைமுத்து அவளை ஓரக்கண்ணால் பார்த்தார். பிறகு கட்டில் ஓரத்தில், பழைய சொந்தக்காரர் மாதிரி ஒட்டி உட்கார்ந்துகொண்டார்.

"அண்ணாச்சி, இதத்தான் நானும் சொன்னேன். ஐயாத்துரை அண்ணாச்சி முறையா செய்யிறவுக, சும்மா போயிக் கேக்காதீகன்னு. மேடம் கேக்கல. ஆனா ஊருக்குள்ள பேச்சு வேற மாதிரி ஓடுது. ஏத்துமதிக்காரக காதுக்குப் போச்சுன்னா நாளைக்கி வேற ஆளப் பாத்துருவாக."

"எவன் பேசுறான்?"

"அது கெடக்கட்டும். நீங்க சொன்னதயே ஒரு தாளுல எழுதி ஒரு கையெழுத்து. மூணு வெயில் காட்டாம ஏத்துறதில்ல, இது தொழில் மொற, நம்ம மட்டுமில்ல எல்லாரும் இப்படித்தான்னு. காலகாலத்துக்கும் நிக்கும்."

ஐயாத்துரை எழுதினார். தேதியும் போட்டார். "ஜான்ராஜ் ஏத்துனது வியாழக்கிழமை பிரிச்ச மூட்டம். மேற்க இருக்கறது. வியாழன், வெள்ளி, சனி. மூணு வெயில். ஞாயித்துக்கெழம காலையில லோடு. அதயும் எழுதட்டுமா?"

"எழுதுங்க" என்றாள் பிரவீணா.

வெளியே வந்ததும் சோணைமுத்து தாளை விசிறி மாதிரி ஆட்டினார். "அஞ்சாவது சட்டம் கெடச்சிருச்சு. அதுவும் எதிராளி கையெழுத்துல. ஆனா மேடம், அந்த அக்ரிமென்ட்டு?"

"அது வித்தவருக்கும் வாங்குனவருக்கும் நடுவுல. ரெண்டு பேரு எழுதிக்கிட்ட காகிதம் மூணாவது ஆளோட சாவை மூடாது. ஆனா அவரு சொல்றபடி மூணு வெயில் காட்டியிருந்தா நமக்கு ஒண்ணும் இல்ல. வாங்க, மேற்க பாப்போம்."

மேற்கு மூட்டம் இருந்த இடம் பொடிச் சாம்பலாகக் கிடந்தது. காலால் தட்டினால் பறந்தது. சுற்றிவந்த பிரவீணா கிழக்குப் பக்கம் இன்னொரு கரிய வட்டத்தைப் பார்த்தாள். அங்கே சாம்பல் பறக்கவில்லை. சேறாகிக் காய்ந்து, கண்மாய் வற்றிய தரை மாதிரி பாளம் பாளமாக வெடித்திருந்தது. ஒரு பாளத்தைப் பெயர்த்து எடுத்தாள். அடை மாதிரி வந்தது.

இரண்டு மாதமாக இந்தப் பக்கம் ஒரு துளி மழை இல்லை.

கொஞ்சம் தள்ளி ஒரு பெண் குத்தவைத்து, சாம்பலைக் கிளறி உதிரிக் கரியைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். சோலையம்மாள் என்று பெயர் சொன்னாள்.

"இது எப்பம்மா பிரிச்ச மூட்டம்?"

"ஞாயித்துக்கெழம. அந்த லாரி எரிஞ்சிச்சே, அன்னைக்கி விடியக்காலம்."

"இவ்வளவு தண்ணி எப்படி?"

"நாங்கதான் ஊத்துனோம், ஆறு பொம்பளைக. எப்பவும் லேசாத் தெளிப்போம். அன்னைக்கி மொதலாளி சீக்கிரம் ஆறணும்னு நிறைய ஊத்தச் சொன்னாரு. ஊருணியில இருந்து ஆளுக்குப் பத்து நட. இடுப்பு விட்டுப்போச்சு."

பத்து நடை, ஆறு பேர். அறுபது குடம். குடத்துக்குப் பதினைந்து லிட்டர் என்றால் தொள்ளாயிரம் லிட்டர். பிரவீணாவின் மனசுக்குள் எடைச் சீட்டு இரண்டும் சட்டென்று அருகருகே வந்து நின்றன. தண்ணீர். கரி குடிக்கும். மேலே ஆவியாகப் போனது பாதி, மண்ணில் இறங்கியது கொஞ்சம் என்றாலும், மீதி கரியோடு சாக்குக்குள் போயிருக்கும். பஞ்சரான டயரோடு நாலு மணி நேரம் வெயிலில் நின்ற லாரியில் அது சொட்டியிருக்கும். உள்ளே நெருப்பு இருந்தால், ஆவியாகவும் போயிருக்கும்.

"அன்னைக்கி லாரியில ஏத்துனது எந்தக் கரி?"

"எங்களுக்கென்ன தெரியும்? தண்ணி ஊத்தி முடிச்சதும் ஆறரைக்கெல்லாம் எங்கள வேன்ல ஏத்தி அனுப்பிட்டாக. பொறவு ஆம்பளையாளு ஏத்துனாக போல." சோலையம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். கரி இன்னும் அதிகமாக ஒட்டியது. "நீங்க எலிசபெத்தையே கேக்கலாம்ல. அவளும்தான் கூட ஊத்துனா. கோயிலுக்கு நேரமாச்சுன்னு ஓட்டமா ஓடுனா."

சோணைமுத்து பைக் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

"கூலி வேலைன்னுதான சொன்னாக" என்றார் கடைசியில். "என்ன கூலின்னு நாம கேக்கவே இல்லயே மேடம்."

எலிசபெத் வீடு இருக்கும் பாளையம்பட்டி வரும்வரை அவர் ஒரு கேலிப் பேச்சும் பேசவில்லை.

*

எலிசபெத் கதவைத் திறந்தாள். பிரவீணாவின் கையில் காகிதத்தில் சுற்றியிருந்த சாம்பல் பாளத்தைப் பார்த்தாள். நாற்காலியைத் துடைத்துப் போட்டுவிட்டுச் சுவரோரம் தரையில் உட்கார்ந்தாள்.

"உங்களுக்குத் தெரியும்" என்றாள் பிரவீணா. திட்டுவது போலச் சொல்லவில்லை.

"தெரியாதுக்கா. நெனச்சேன். நெனச்சதுக்கும் தெரியறதுக்கும் நடுவுல ஒரு மாசமா கெடக்கேன்."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"எப்படிச் சொல்ல?" அவள் தன் கைகளைத் திருப்பிப் பார்த்தாள். நகக்கண்ணில் கரி போகவில்லை. "தண்ணி ஊத்துனப்போ, மூணு வெயில் கழிச்சுத்தான ஏத்துவாகன்னு நெனச்சேன். எப்பவும் அப்படித்தான். வீட்டுக்கு வந்து குளிச்சு ஆராதனைக்குப் போயிட்டேன். எங்க வீட்டுக்காரவுகளுக்கு அன்னைக்கி வேலையே இல்ல. வர வேண்டிய லாரி வரலைன்னு காலையில போன் போட்டுக் கூப்பிட்டிருக்காக. நான் பாட்டுப் பாடிக்கிட்டு இருக்கேன், அவுக அங்க லோடு ஏத்திக்கிட்டு இருக்காக. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிருந்தா, அந்தக் கரியைத் தொடாதீகன்னு சொல்லிருப்பேன்."

வெளியே ஒரு டவுன் பஸ் நின்று போனது.

"நான் போயி நாந்தான் தண்ணி ஊத்துனேன்னு சொன்னா, புருசன நானே கொன்ன மாதிரி ஆயிருமேன்னு பயமா இருந்துச்சு. நீங்களாக் கண்டுபிடிச்சா உண்மை. நானாச் சொன்னா பாவம். அப்படித் தோணுச்சு. ஒருவேளை நீங்க வேற எதாச்சும் கண்டுபிடிப்பீகளோன்னும் ஆசையா இருந்துச்சு. பீடியாவே இருந்துட்டுப் போகட்டும்னுகூட ஒரு நாளு நெனச்சேன்க்கா. அவுக பீடியே குடிச்சதில்ல. நானே அப்படி நெனச்சேன்."

பிரவீணா நாற்காலியை விட்டு இறங்கி அவள் எதிரே தரையில் உட்கார்ந்தாள். நடந்தது எப்படி என்று அவளுக்குப் புரியவைக்க வேண்டும். புரியாமல் வைத்திருக்கிற துக்கம் ஆறாது.

"கரி வெளிய நனைஞ்சா கறுத்துப்போகும். அணைஞ்ச மாதிரி இருக்கும். பெரிய கட்டைக்குள்ள நடுவுல கங்கு உயிரோட இருக்கும். அதைக் காட்டிக்கொடுக்கத்தான் மூணு வெயில். அன்னைக்கி அதைக் காட்டல. மூடை மேல மூடை அடுக்கி, தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டியாச்சு. உள்ள தண்ணி ஆவியாப் போச்சு, சொட்டாப் போச்சு, கரி காஞ்சுக்கிட்டே வந்துச்சு. காத்து மட்டும் இல்ல. அதனால பத்திக்கல. அவரு தார்ப்பாயை அவுத்தாரு. காத்துப் போச்சு. காலைப் பொசுக்குதுன்னாரே, அது வெயில் இல்லம்மா."

எலிசபெத் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எண்ணிக் காமிக்கச் சொன்னாக" என்றாள், விரல்களுக்கு நடுவே. "எண்ணப் போயித்தான..."

"ஆமா."

சோணைமுத்து வாசலுக்குப் போய், வெளிப்பக்கம் பார்த்து நின்றுகொண்டார்.

கொஞ்ச நேரம் கழித்து எலிசபெத் கேட்டாள். "இப்ப நான் கோர்ட்டுல சொன்னா என்னையும் கேசுல சேப்பாகளா?"

"கேள்வி கேப்பாங்க. ஆனா ஊத்தச் சொன்னது நீங்க இல்ல. மூணு வெயில் பாக்காம ஏத்தச் சொன்னதும் நீங்க இல்ல. ஏத்துனது உங்களுக்குத் தெரியவும் தெரியாது. உங்களை மாட்டாம நம்ம வக்கீல் அனுசியா பாத்துக்குவாங்க. ஆனா வேற ஒண்ணு. இதைச் சொன்னதுக்கப்புறம் இந்தப் பக்கம் ஒரு கரிக்காரனும் உங்களை வேலைக்குக் கூப்பிட மாட்டான்."

"கூப்பிட வேணாம்."

"ஐயாத்துரை அந்த லோடு மேற்கு மூட்டம்னு எழுதிக் கொடுத்திருக்காரு. மூணு வெயில் கண்ட கரின்னு. காஞ்ச கரி நாலரை மணி நேரத்துல நானூத்திப் பத்து கிலோ இளைக்காது. அவரு எழுதுனதை அந்த ரெண்டு சீட்டுமே உடைக்குது. ஆனா சீட்டு தண்ணின்னு சொல்லாது. தண்ணி எங்க, எப்ப, யாரு சொல்லி ஊத்துனதுன்னு ஒரு ஆளு சொல்லணும். சோலையம்மாளும் மத்தவங்களும் அவரை நம்பிப் பிழைக்கிறவங்க. நீங்க முதல்ல சொன்னா அவங்களும் சொல்ல வாய்ப்பு இருக்கு. நீங்க சொல்லாட்டி யாரும் சொல்ல மாட்டாங்க."

எலிசபெத் எழுந்து முகத்தைக் கழுவிவிட்டு வந்தாள். ஈரம் துடைக்காமலே உட்கார்ந்தாள். "எழுதுங்கக்கா. சொல்றேன்."

"பாத்ததையும் செஞ்சதையும் மட்டும் சொல்லுங்க. அதுக்கு என்ன அர்த்தம்ங்கறதை நான் தனியா எழுதுறேன். கோர்ட்டுல அது ரெண்டும் கலக்கக் கூடாது."

அவள் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். எத்தனை மணிக்கு வேன் வந்தது, ஊருணியில் தண்ணீர் எந்தப் படி வரைக்கும் இருந்தது, யார் முன்னால் நின்று ஊற்றச் சொன்னது, எத்தனை நடை, எத்தனை மணிக்குத் திருப்பி அனுப்பினார்கள். ஐந்தாவது நடையில் கரி மேல் தண்ணீர் பட்டதும் சீறிய சத்தத்தைச் சொல்லும்போது மட்டும் குரல் உடைந்தது. கையெழுத்தைத் தெளிவாகப் போட்டாள்.

பிரவீணா இன்னொரு தாளை எடுத்து, அனுசியா வெள்ளிக்கிழமை காலை நீதித்துறை நடுவர் முன் வைக்க வேண்டிய ஆட்சேபணைக்கான குறிப்பை எழுதினாள். அவளுக்குத் தெரிந்தவரை வழி இதுதான்: போலீஸ் அறிக்கை என்பது போலீசின் கருத்து, அதைக் கோர்ட் அப்படியே ஏற்க வேண்டிய கட்டாயம் இல்லை, செத்தவரின் மனைவி ஆட்சேபிக்கலாம், ஆதாரத்தில் பொருள் இருந்தால் நடுவர் மேலும் விசாரிக்கச் சொல்லலாம். இணைக்க வேண்டியவை நான்கு. இரண்டு எடைச் சீட்டு, ஜான்ராஜின் குரல், ஐயாத்துரை தன் கையால் எழுதிக் கொடுத்த தொழில் வழக்கம், எலிசபெத்தின் வாக்குமூலம்.

"வாசிங்க மேடம்" என்றார் சோணைமுத்து வாசலிலிருந்து. "அவுக கேக்கட்டும்."

பிரவீணா வாசித்தாள்.

"லாரியில் ஏறியது ஞாயிறு விடியற்காலை பிரித்த கிழக்கு மூட்டத்தின் கரி. தொழில் வழக்கப்படி மூன்று வெயில் காட்ட வேண்டிய அந்தக் கரியை, ஒரு வெயில்கூடக் காட்டாமல், தண்ணீர் ஊற்றி மூன்று மணி நேரத்துக்குள் ஏற்றி அனுப்பியிருக்கிறார்கள். வழியில் குறைந்த நானூற்றுப் பத்து கிலோ கரி அல்ல, அந்தத் தண்ணீர். லாரியைக் கொளுத்தியது பீடி அல்ல. கரிக்குள் அணையாமல் இருந்த கங்கு. ஏற்றியது இருநூற்று நாற்பத்தாறு மூடை; ஜான்ராஜ் கடைசியாக எண்ணியதும் இருநூற்று நாற்பத்தாறு மூடை. அவர் எதையும் திருடவில்லை."